வாசிக்காமல் விட்ட வரிகள்

அக்காவுக்குக் கல்யாணம் ஆன வருஷம் நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். பொம்மிடிக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் நடுவில் எங்கள் ஊர். மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, நான்காவது வாரம் தாலி கட்டினார்கள். மாப்பிள்ளை இண்டூர்ப் பக்கம். பட்டாளத்தில் இருந்தார். இரண்டு மாத லீவில் வந்தவர், கல்யாணமாகி இருபதாம் நாள் தந்தி வந்து புறப்பட்டுப் போனார்.

அந்த இருபது நாளில் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அக்கா அதிகம் பேசுகிறவள் அல்ல. மூன்றாம் வகுப்போடு அப்பா அவளை நிறுத்திவிட்டார். அச்சு எழுத்தென்றால் விரல் வைத்துக் கூட்டிப் படிப்பாள். கையெழுத்து அவளுக்குப் பிடிபடாது. ஆனால் நான்கு ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்வாள். மாடு முரண்டு பிடித்தால் அப்பாவே அவளைத்தான் கூப்பிடுவார்.

மாமா போன பிறகு அக்கா பாதி நாள் மாமியார் வீட்டிலும் பாதி நாள் எங்கள் வீட்டிலுமாக இருந்தாள். இண்டூருக்கு வரும் கடிதங்களை முந்தானையில் முடிந்துகொண்டு இரண்டு பஸ் மாறி வருவாள். படித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் என் வேலை. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், வைக்கோல் போருக்கும் சுவருக்கும் இடையே உட்கார்ந்துகொள்வோம்.

அந்த வருஷம்தான் அந்த நாவலும் என் கைக்கு வந்தது. எல்லா வீட்டுப் பெண்களும் படித்து அழுத பழைய காதல் கதை. இரண்டு பாகம். பாப்பிரெட்டிப்பட்டி நூலகத்தில் முதல் பாகம்தான் இருந்தது. "ரெண்டாவது வெளிய போயிருக்குது, வந்தா எடுத்து வெக்கிறேன்" என்று நூலகர் சொல்லிக்கொண்டே இருந்தார். கதையில் ஆற்றங்கரை ஊரில் ஒரு வக்கீலின் மகள். அவளை நான்கே நான்கு முறை பார்த்துவிட்டுத் தூர தேசத்துக்கு வேலைக்குப் போன ஓர் இளைஞன். மற்றதெல்லாம் கடிதங்கள்தான். முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் அவன் படகில் திரும்பி வருகிறான். படித்துறைக்கு மேலே, மரத்தடியில், அவள் நிற்கிறாள். அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கும்.

முதல் பதிலை அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன்.

"செவல மாடு கன்னு போட்டுது, காளக்கன்னுன்னு எழுது. அவங்கம்மாவுக்கு கால் வீக்கம் இன்னும் வடியல. மழ இல்ல. ஒடம்ப பாத்துக்கச் சொல்லு."

"வேற?"

"வேற என்ன இருக்குது?"

அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனதும் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரு மனைவி கணவனுக்கு எழுதியது போல இல்லை. பண்ணையாள் முதலாளிக்கு எழுதியது போல இருந்தது. மீதி இடத்தில் நாவலிலிருந்து நான்கு வரி சேர்த்தேன். நீங்கள் போன பாதையைப் பார்க்க மனமில்லாமல் வேறு வழியாகத் தண்ணீருக்குப் போகிறேன் என்று ஒரு வரி நினைவிருக்கிறது. எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு ஒரே வழிதான். அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. முதல் பத்தி அவர் அம்மாவைப் பற்றி. அதன்பிறகு, "உனக்கு இப்படியெல்லாம் எழுத வரும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. இருபது நாளில் நீ என்னிடம் பேசியதைப் பத்து விரலுக்குள் அடக்கிவிடலாம். மனசுக்குள் இவ்வளவு வைத்திருந்தாயா" என்று தொடங்கி ஒரு பக்கம். அக்கா எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் அதைச் சத்தமாகப் படிக்க எனக்குக் கூச்சம்.

"அம்மாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகச் சொல்றாரு. அவரு நல்லா இருக்காராம்" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

கடிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டாள். "நீயே வெச்சிரு, எனக்கெதுக்கு" என்றாள். என் பள்ளிக்கூடப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

இப்படியே ஒன்றரை வருஷம் போயிற்று. அக்கா சொல்வதை மேலே எழுதுவேன். கீழே நான் எழுதுவேன். அவர் கடிதத்தின் முதல் பத்தியைப் படிப்பேன், மீதியைப் படிக்கமாட்டேன். கூச்சத்தால் அப்படிச் செய்ததாகத்தான் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பனிக் கடிதம் வந்தபோது கூச்சப்பட அதில் ஒன்றுமே இல்லை.

அது நான்கு பக்கம். மலைமேல் ஒரு காவல் இடத்தில் அவரும் இன்னொருவரும் மாறி மாறி நின்றிருக்கிறார்கள். அந்த ஆள் இவர் வயதுதான், வேறு மாநிலம். ஒரு காலையில் இவருடைய கையுறை நனைந்திருந்ததால் அவன் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்திருக்கிறான். அன்று பகலில் பனிச் சரிவு இறங்கிவிட்டது. மூன்று மணி நேரம் தோண்டியிருக்கிறார்கள். முதலில் கிடைத்தது வெறும் கை. அவன் பெயரை எழுதியிருந்தார். அவன் கையுறையைப் போட்டுக்கொண்டுதான் அவனைத் தோண்டினேன் என்று எழுதியிருந்தார். தான் அழுததை யாரிடமும் சொல்லவில்லை என்றும், "உன்னிடம் மட்டும்தான்" என்றும் முடித்திருந்தார்.

படித்து முடித்துத் தலை நிமிர்ந்தேன். அக்கா கடலைக்காயைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதியிருக்காரு? மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு?"

"குளிரு ஜாஸ்தியாம்" என்றேன்.

அந்த நிமிஷத்தில் என்ன நினைத்தேன் என்று நேர்மையாகச் சொல்வதானால், அது எனக்கு வந்த கடிதம் என்று நினைத்தேன். அவர் எழுதியது என் வரிகளை நம்பித்தானே. அக்கா சொன்ன செவலை மாட்டை நம்பி யாராவது இப்படி எழுதுவார்களா? நாவலில் கதாநாயகனின் தாய் இறந்ததும் அவள் ஒரு நீண்ட கடிதம் எழுதுவாள். அதை வார்த்தைக்கு வார்த்தை எடுத்து, தாய் என்று வந்த இடங்களை மாற்றி அனுப்பினேன். அதைப் பத்து முறை படித்ததாக மாமா பதில் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தையும் அக்காவுக்குப் படிக்கவில்லை.

பிறகு லீவு கிடைத்தது. எந்தத் தேதி, எந்த ரயில் என்று எழுதிவிட்டு, "நீ எங்கே இருப்பாய்" என்று கேட்டிருந்தார். அக்கா சொன்னது, எங்கள் வீட்டில் இருக்கிறேன், இண்டூருக்குப் போக மொரப்பூரில் இறங்க வேண்டாம், பொம்மிடிக்கு வந்து இறங்கச் சொல் என்பது மட்டும். நான் அதன் கீழே எழுதினேன்: ஸ்டேஷன் கோடியில் புளியமரத்தடியில் நிற்பேன். ஒன்றும் பேசமாட்டேன். நீங்கள் என்னைப் பார்த்தாலே போதும்.

எழுதிப் போட்டுவிட்ட பிறகுதான் பயம் வந்தது. அவர் வருகிற நாளன்று காலையில் அக்காவிடம், "ஸ்டேஷனுக்குப் போலாமாக்கா" என்று கெஞ்சினேன்.

"என்னத்துக்கு? ஆளுங்கள வரச் சொல்லியிருக்கு, இன்னிக்கி கடலக்கா புடுங்கணும். அவருக்கு வழி தெரியாதா?"

"அவரு எதிர்பார்ப்பாருக்கா."

"எதிர்பாக்க என்ன இருக்குது? வூட்டுக்குத்தான வர்றாரு."

பள்ளிக்கூடத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன். எதற்குப் போனேன் என்று இன்றுவரை என்னால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அக்காவால் வர முடியவில்லை என்று சொல்லப் போனேனா, அவர் இறங்கி வருவதைப் பார்க்கப் போனேனா. புளியமரத்தடியில் நின்றேன்.

பாசஞ்சர் ரயில் வந்தது. பெரிய பச்சை ட்ரங்குப் பெட்டியோடு இறங்கினார். வேறு எங்கும் பார்க்காமல் நேராக மரத்தைப் பார்த்தார். யாரோ நிற்பது தெரிந்ததும் சிரித்துக்கொண்டே வேகமாக நடந்தார். கிட்டத்தில் வர வர அந்தச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்ததை நான் பார்த்தேன். வெயில் அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எதையும் மறைக்க முடியாத வெளிச்சம்.

"அக்கா வரலையா பாப்பா?"

"கடலக்கா புடுங்குது மாமா. ஆளுங்க வந்துட்டாங்க."

பெட்டியைக் கீழே வைத்தார். மரத்தை அண்ணாந்து பார்த்தார். ரயில் புறப்பட்டுப் போயிற்று.

"மரத்தடியில நிக்கிறேன்னு எழுதுனது நீதான?"

தலையாட்டினேன்.

"எல்லாமே நீயா?"

"அக்கா சொன்னதயும் எழுதியிருக்கேன் மாமா. மாடு கன்னு போட்டது எல்லாம்."

அவருக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். "சரி பாப்பா, வா, பஸ் வந்துரும்" என்றுதான் சொன்னார். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். வழியெல்லாம் திரும்பவே இல்லை.

அவர் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது நான் பள்ளிக்கூடப் பெட்டியைக் கவிழ்த்து, அவர் எழுதிய கடிதங்கள் அத்தனையையும் எடுத்துப்போய், அவர் குளிக்க வெந்நீர் போட்டிருந்த அடுப்பில் வைத்தேன். எடுத்துக்கொண்டு வா என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம். பனிக் கடிதம் கனமாக இருந்ததால் கடைசியில் எரிந்தது.

மறுநாள் மதியம் சாப்பாட்டில்தான் அது வெளியே வந்தது. அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். மாமா குனிந்தபடியே சொன்னார்.

"வர்ற வழியில அந்தப் பையனோட அம்மாவ பாத்துட்டு வந்தேன்."

"எந்தப் பையனுங்க?" என்றாள் அக்கா.

அவர் கை சோற்றிலேயே நின்றது.

"லெட்டர்ல எழுதியிருந்தேனே."

அக்கா கரண்டியைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினாள். மாமா அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஸ்டேஷனில் அவருக்குத் தெரிந்தது பாதிதான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எழுதியது நான் என்றுதான் அறிந்திருந்தார். தான் எழுதியது மனைவியின் காதுக்கு வரவே இல்லை என்பதை இப்போதுதான் அறிந்தார். இலையில் இருந்ததைச் சாப்பிட்டு எழுந்தார். வாசலில் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். "வெச்சிருங்க, நான் எடுத்துக்கிறேன்" என்றார். அதுவரை என்னை வா, போ, பாப்பா என்று கூப்பிட்டவர். அன்றிலிருந்து அவர் என்னிடம் மரியாதை குறையாமல்தான் பேசினார். வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க. அந்த 'ங்க' என் முதுகில் கல்லாக உட்கார்ந்தது.

கிணற்றடியில் அக்கா என்னைப் பிடித்தாள்.

"எந்தப் பையன்?"

"கூட இருந்த ஒருத்தரு செத்துட்டாராம்."

"அத எதுக்கு எங்கிட்ட சொல்லல?"

"நீ பயந்துக்குவேன்னு."

பொய்யை அவள் அப்படியே வாங்கிக்கொண்டாளா என்று தெரியவில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அந்த லீவு முழுக்க இருவரும் அடுத்தவர் வீட்டு விருந்தாளிகளைப் போல நடந்துகொண்டார்கள். அவர் ஏதாவது சொல்லத் தொடங்குவார், நிறுத்திக்கொள்வார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், எதைக் கேட்பதென்று தெரியாமல்.

அவர் திரும்பிப் போன மாதத்தில் நூலகர் இரண்டாம் பாகத்தை எடுத்து வைத்திருந்தார். வாங்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனாலும் வாங்கினேன். முதல் அத்தியாயத்தில் படகு கரை சேர்கிறது. அவன் இறங்கி வருகிறான். மரத்தடியில் இருந்தவளுக்கு அவன் நினைத்ததைவிடக் குள்ளமாகத் தெரிகிறான். வந்ததும் மூட்டைகளை எண்ணுகிறான், படகுக்காரன் மேல் எரிந்து விழுகிறான். அவனுக்கோ அவள் குரல் புதிதாக இருக்கிறது. கடிதத்தில் பேசியவளின் குரலாக வேறொன்றை அவன் மனசில் வைத்திருந்தான். கல்யாணம் நடக்கிறது. ஒரு நாள் அவன் அவளுடைய பழைய கடிதத்தை எடுத்து அவளெதிரிலேயே படிக்கிறான். அவள் கேட்கிறாள், இதை எழுதினவளை உங்களுக்கு இன்னும் பிடிக்கிறதா என்று. தன் எழுத்தின் மேலேயே அவளுக்குப் பொறாமை. அவனும் அப்படித்தான். கடிதத்தில் தான் எழுதிய அந்த வீரனைப் போல நடந்துகொள்ள முடியாமல் வெளியிலேயே சுற்றுகிறான். இவ்வளவுக்கும் அந்த இரண்டு பேரும் அவரவர் கடிதத்தை அவரவரே எழுதியவர்கள்.

பாதிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அவர்கள் கடைசியில் ஒத்துப்போனார்களா பிரிந்தார்களா என்று எனக்குத் தெரியாது. பிற்பாடு அந்தப் புத்தகத்தைப் பலர் வீட்டில் பார்த்திருக்கிறேன். கையில் எடுத்ததில்லை.

அக்கா அதன்பின் என்னைக் கடிதம் எழுதச் சொல்லவில்லை. அவள் மாமியார் ஊருக்குப் பக்கத்துக் கன்னியர் மடத்தில் ஒரு வயதான சிஸ்டரிடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறாள் என்று அம்மா சொன்னாள். மாமாவுக்கு அவள் தன் கையால் எழுதிய முதல் கடிதம் நான்கு வரியாம். ஏறக்குறைய எட்டு மாதம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தவள், தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராக என்னிடம் வந்தாள்.

"அந்த லெட்டருங்க எங்க பாப்பா? இப்ப கையெழுத்தும் படிக்க வருது. நானே படிச்சுக்கிறேன்."

அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. எட்டு மாதம் எதற்காகப் பாடுபட்டாள் என்பது அந்த முகத்தில் இருந்தது.

"எரிச்சிட்டேன்க்கா."

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயும்."

என்னை அடித்திருக்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டாள். "எம்புருஷன் அழுதத நீ மட்டும் படிச்சு வெச்சிக்கிட்ட" என்றாள். அழுதார் என்பதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. எப்படித் தெரிந்துகொண்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டாள்.

கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதெல்லாம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று முழங்காலில் நிற்பேன். பொய் சொன்னேன், பெற்றோருக்குக் கீழ்ப்படியவில்லை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவேன். இது எந்தக் கட்டளையில் வருகிறது என்று தெரியாது. திருட்டா, பிறர் கணவரை விரும்பியதா, பொய்ச்சாட்சியா. சொல்லாமலே எழுந்து வருவேன். எனக்குத் தர்மபுரியில் கல்யாணமாகி, ஆபீஸில் குமாஸ்தாவான என் கணவர் ஒருநாளும் எனக்குக் கடிதம் எழுதாதவர் என்று தெரிந்தபோது, எனக்கு ஏமாற்றமே இல்லை. அதற்கு மேல் எனக்கு உரிமையில்லை என்றுதான் தோன்றியது. ஆனாலும் துவைக்கும்போது, அரிசி களையும்போது, வரிகள் தாமாக வரும். யாருக்கு எழுதுகிறேன் என்று உணர்ந்ததும் கை நின்றுவிடும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மாமா பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தார். கிணற்றுக்கு மோட்டார் போட்டார், இரண்டு குழந்தைகள் பிறந்தார்கள். சண்டையில்லாத வீடு. அப்பா காலமான வருஷம், காரியமெல்லாம் முடிந்த பிறகு, அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"செத்துப்போன அந்தப் பையன் கதைய அவருகிட்ட கேட்டேன். 'அதான் ஒரு தடவ எழுதிட்டேனே'ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. அப்புறம் கேக்கல. நீ சொல்லு. படிச்சது நீதான."

சொன்னேன். காவல் இடம், நனைந்த கையுறை, சரிவு. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே போகும்போது, அவன் கை குளிர்ந்த பிறகும் இவர் கை சூடாக இருந்தது என்று ஒரு வரி வந்தது. சொன்ன பிறகு எனக்குச் சந்தேகம். அது அவர் எழுதியதா, நாவலில் தாயின் சாவில் வருவதா? அதன்பிறகு சொன்ன எல்லாவற்றிலும் அந்தச் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. மூன்று மணி நேரம் தோண்டினார்களா? அது எந்தப் பக்கத்தில் படித்தது? உலகத்தில் அந்தக் கடிதத்தின் ஒரே பிரதி நான்தான். அது என்னிடம் கெட்டுப்போயிருந்தது.

"அந்தப் பையன் பேரு என்ன?" என்றாள் அக்கா.

யோசித்தேன். நீல மசியில் அந்தப் பெயர் இருந்த இடம்கூடக் கண்ணுக்குத் தெரிந்தது. பெயர் வரவில்லை.

"தெரியலக்கா."

"அவன் பேருக்கு கோயில்ல ஒரு பூசை வெக்கலாம்னு பாத்தேன்" என்றாள்.

பெயரில்லாமலே வைத்தாள். கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் அப்பாவின் கல்லறைக்காக எங்கள் ஊருக்கு வந்திருந்தோம். காலைப் பூசையில் சாமியார் இறந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்து, ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்து நிறுத்தினார். அக்காவின் கையெழுத்து அது. "பட்டாளத்தில் பனியில் புதைந்து இறந்த ஒரு சகோதரருடைய ஆத்தும இளைப்பாற்றிக்காக. பெயர் எழுதவில்லை" என்று வாசித்தார். ஆண்கள் பக்கத்தில் மாமா தலை நிமிர்ந்தார். பெண்கள் பக்கம் திரும்பி, வரிசை வரிசையாகத் தேடினார். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு குனிந்தேன். நிமிர்ந்தபோது அவர் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் காற்று அடித்தது. அப்பாவின் சிலுவையடியில் அக்கா மெழுகுவத்தி ஏற்ற ஏற்ற அணைந்தது. மாமா வந்து அவள் பக்கத்தில் குந்தி, இரண்டு கையாலும் சுடரை மறைத்துக்கொண்டார். அவர் உதடு அசைந்தது. முதலில் ஒரே ஒரு சொல். அக்கா அதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது போல வாயசைத்தாள். பிறகு அவர் வெகுநேரம் பேசினார். ஜனங்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள், வந்தார்கள். பேசப் பேச அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அக்கா ஒரு கையால் முந்தானையை எடுத்துக் கொடுத்தாள்.

நான் இடுப்பில் குழந்தையோடு நான்கைந்து கல்லறை தள்ளி நின்றிருந்தேன். இன்னும் பத்தடி போயிருந்தால் கேட்டிருக்கும். போகவில்லை.

அடுத்த வருஷம் பெயரோடு பூசை வைத்தார்களாம். எனக்கு அப்போது வர முடியவில்லை. அம்மா சொன்னாள், ஏதோ வடநாட்டுப் பேரு, சாமியாருக்கே வாயில நுழையல என்று. என்ன பெயர் என்று நான் அம்மாவிடம் கேட்கவில்லை.